கேமரா கேமராவாகவே இருக்கட்டும்

கல்யாண மண்டபத்திலும் தேர்த் திருவிழாவிலும் பத்திரிகை வேலையிலும் கேமராவை நம்பிப் பிழைக்கிறவர்களும், பிழைப்புக்கு வேறு வேலை இருக்க, ஆசைக்காக விடிகாலையில் ஏரிக்கரைக்குப் போய்ப் பறவைக்குக் காத்திருக்கிறவர்களும் ஒன்றுசேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கோரிக்கை கேமரா செய்கிற கம்பெனிகளை நோக்கியது. கேமராவைப் போனாக மாற்றாதீர்கள் என்பதே அது.

எங்கள் கொள்கையைச் சுருக்கமாகவே சொல்லிவிட முடியும். படம் எடுப்பதில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. ஷட்டர் விழும் நொடிதான் அந்தக் கோடு. அந்த நொடிவரைக்கும் கேமரா கைக்கும் கண்ணுக்கும் கட்டுப்பட்டிருக்க வேண்டும். போனின் பழக்கவழக்கம் எதுவும் அங்கே நுழையக் கூடாது. ஷட்டர் விழுந்த பிறகு நடக்கும் வேலை வேறு. படத்தைப் பார்ப்பது, பிரிப்பது, பத்திரப்படுத்துவது, அனுப்புவது எல்லாவற்றையும் போன் பிரமாதமாகச் செய்கிறது. அதைக் கேமரா வெட்கப்படாமல் கற்றுக்கொள்ள வேண்டும். இன்றைய கேமராக்கள் பலவும் தலைகீழாக நடக்கின்றன. படம் எடுக்கும் இடத்தில் போனைக் காப்பியடிக்கின்றன. எடுத்து முடித்த இடத்தில் போனிடமிருந்து எதையும் கற்க மறுக்கின்றன.

நாங்கள் போனுக்கு எதிரிகள் இல்லை. எங்கள் எல்லோரிடமும் போன் இருக்கிறது, அதில் தினமும் படம் எடுக்கிறோம். ஒரு காலத்தில் குடும்பப் படம் என்றால் ஸ்டூடியோவுக்குப் போய் விறைப்பாக நிற்க வேண்டும். இன்று பேத்தி முதல் அடி எடுத்து வைப்பதைப் பாட்டியே எடுத்து, துபாயில் இருக்கிற மகனுக்கு அனுப்பிவிடுகிறார். படக்கலைக்கு நடந்த பெரிய நன்மைகளில் இது ஒன்று. அந்த வேலைக்குப் போன் போதும். போன் போதாத இடத்துக்குத்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அங்கே வந்தும் அது போனைப் போலவே நடந்துகொண்டால், அந்த எடையைச் சுமந்ததற்கும் அந்தப் பணத்தைக் கொடுத்ததற்கும் அர்த்தமில்லை.

கம்பெனிகளின் பயம் எங்களுக்குப் புரிகிறது. ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010-ல் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. காணாமல் போனவற்றில் மிகப் பெரும்பாலானவை சட்டைப் பையில் போடுகிற சின்னக் கேமராக்கள். அவற்றின் இடத்தைப் போன் எடுத்துக்கொண்டது. போன் ஜெயித்ததற்கு அதன் தொடுதிரையும் ஆப்களும்தான் காரணம் என்று கம்பெனிகள் நினைத்துவிட்டன. அது எப்போதும் கையிலேயே இருந்ததும், எடுத்த படத்தை எடுத்த இடத்திலிருந்தே அனுப்ப முடிந்ததும்தான் காரணம் என்று நாங்கள் சொல்கிறோம்.

தவறான பாடத்தை எடுத்துக்கொண்டதன் விளைவை 2012 ஆகஸ்டிலேயே பார்த்துவிட்டோம். நிக்கான் அந்த மாதம் கூல்பிக்ஸ் எஸ்800சி என்ற ஆண்ட்ராய்டு கேமராவை அறிவித்தது. மாதக் கடைசியில் பெர்லின் கண்காட்சியில் சாம்சங் தன் கேலக்ஸி கேமராவைக் காட்டியது. முன்னால் 21 மடங்கு ஜூம் லென்ஸ், பின்னால் முதுகு முழுக்க 4.8 அங்குலத் திரை. அதில் நாமே எல்லாவற்றையும் தீர்மானித்துப் படம் எடுக்க வேண்டுமானால், திரையில் ஒரு லென்ஸின் ஓவியம் வரும். அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ என்று அதில் வளையங்கள் வரைந்திருக்கும். கண்ணாடிமேல் விரலை வைத்து அந்த ஓவிய வளையத்தை உருட்ட வேண்டும். நிஜமான வளையத்தைக் கேமராவிலிருந்து எடுத்துவிட்டு அதன் படத்தைத் திரையில் போட்டார்கள். அடுத்த வருஷம் லென்ஸ் மாற்றக்கூடிய கேலக்ஸி என்எக்ஸ் வந்தது, அதுவும் ஆண்ட்ராய்டு. சில வருஷங்களில் சாம்சங் கேமராத் தொழிலையே விட்டுப் போய்விட்டது. இது ஒன்றே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஆண்ட்ராய்டு அந்தக் கேமராக்களைக் காப்பாற்றவில்லை என்பது நிச்சயம்.

ஜெர்மனியின் ஜைஸ் 2018-ல் அறிவித்து 2020-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த இசட்எக்ஸ்1 இதைவிட யோசித்துச் செய்யப்பட்டது. மேல்தட்டில் டயல்கள் இருந்தன, லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் இருந்தது, கண் வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டரும் இருந்தது. மற்றதெல்லாம் ஆண்ட்ராய்டு, படம் திருத்துகிற லைட்ரூம் மென்பொருள் உள்ளேயே இருந்தது, மெமரி கார்டு போட இடமே இல்லை. விலை 6,000 டாலர். சில வருஷங்களிலேயே அதையும் நிறுத்திவிட்டார்கள்.

போனின் மூளையைக் கேமராவுக்குள் வைத்தால் போனின் ஆயுள்தான் கேமராவுக்கும் கிடைக்கும். கேலக்ஸி கேமரா வந்தபோது அதில் இருந்தது ஆண்ட்ராய்டு 4.1. கூகுள் 2021-ல் அந்தப் பதிப்புக்கான ப்ளே சேவைகளை நிறுத்திவிட்டது. லென்ஸ் கெடவில்லை, சென்ஸார் கெடவில்லை, ஆனால் எதைக் காட்டி விற்றார்களோ அந்தப் பகுதி செத்துவிட்டது. 1982-ல் வந்த நிக்கான் எஃப்எம்2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியே இல்லாமல் அதன் ஷட்டர் இன்றும் நொடியில் 4,000-ல் ஒரு பங்கு வேகம்வரை இயங்குகிறது; பேட்டரி வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான். நாற்பது வருஷம் உழைக்கிற கேமராவைச் செய்யத் தெரிந்தவர்கள், ஒன்பது வருஷத்தில் முடங்குகிற கேமராவை எங்களிடம் விற்கக் கூடாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். கல்யாண மண்டபத்தில், முகூர்த்த நேரத்தில், மணவறைக்கு எதிரே மண்டியிட்டிருக்கும் போட்டோகிராபரின் கைகளைக் கவனித்துப் பாருங்கள். கேமரா முகத்தோடு ஒட்டியிருக்கிறது. இரண்டு கைகளோடு நெற்றியும் அதைத் தாங்குவதால் ஆட்டம் குறைகிறது. இடது கை லென்ஸுக்கு அடியில் ஜூம் வளையத்தில். வலது கட்டைவிரல் பின்பக்கத்தில் ஃபோகஸ் பட்டன்மேல். ஆள்காட்டி விரல் ஷட்டர் பட்டனுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கிறது. ஹோமப் புகை குறுக்கே வருகிறது. ஃபோகஸ் புகையில் சிக்கிவிடும் என்று தெரிந்து கட்டைவிரலைத் தூக்கிவிடுகிறார். ஃபோகஸ் மணப்பெண்ணின் முகத்திலேயே நின்றுவிடுகிறது. நாதஸ்வரம் வேகம் பிடிக்கிறது. ஐயர் கை உயர்த்திக் கெட்டிமேளம் என்கிறார். அந்த நேரம் பார்த்து வீடியோக்காரரின் லைட் அணைகிறது. போட்டோகிராபர் தலையைத் தூக்கவில்லை. முன்சக்கரத்தில் ஆறு சொடுக்கு. மூன்று சொடுக்கு ஒரு ஸ்டாப், அதாவது ஐஎஸ்ஓ இரட்டிப்பு என்பது விரலுக்குத் தெரியும். ஐஎஸ்ஓ 800-லிருந்து 3200-க்குப் போய்விட்டது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடுகிறார், நாத்தனார் குனிந்து மற்ற முடிச்சுகளைப் போடுகிறார், அட்சதை பறக்கிறது. அத்தனையும் படத்தில் இருக்கிறது.

இதையே தொடுதிரையை மட்டும் நம்பிய கேமராவில் செய்து பாருங்கள். லைட் அணைந்ததும் திரையைத் தேட வேண்டும். ஐஎஸ்ஓ என்ற எழுத்தைக் கண்டுபிடித்துத் தொட வேண்டும். தொட்டதும் ஒரு கோடு விரியும்; அதில் விரலை நகர்த்த வேண்டும். விரலில் வியர்வை. திரை முதல் தடவை கேட்காது. இரண்டாவது தடவை 3200-க்குப் பதில் 12800-க்குப் போய் நிற்கும். அதற்குள் தாலி ஏறி முடிந்திருக்கும். இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது.

விரலுக்கு நினைவு உண்டு. தவில் வாசிக்கிறவரும் தையல் மிஷினில் உட்காருகிறவரும் இதைத் தினமும் மெய்ப்பிக்கிறார்கள். ஆனால் அந்த நினைவு தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும்: மேடு, பள்ளம், வளையம், சொடுக்கு. கண்ணாடித் திரையில் எல்லா இடமும் ஒரே வழுவழுப்பு. எது எங்கே இருக்கிறது என்பதைக் கண்தான் ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்கோ அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கிறது.

நம்முடைய வெயிலையும் இங்கே சொல்ல வேண்டும். சித்திரை மாத மதியத்தில் தேர் இழுக்கிற தெருவில் நின்று பின்திரையைப் பார்த்தால் தெரிவது நம் முகம்தான். வ்யூஃபைண்டர் இல்லாத கேமராவை அழகு என்று சொல்லி விற்கிறவர்கள் ஒரு நாள் அந்தத் தெருவில் நின்று பார்க்க வேண்டும். சிக்மா 2025-ல் பிஎஃப் என்ற கேமராவைக் கொண்டுவந்தது. ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து ஒவ்வொரு பாடியையும் செய்ய ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்கிறார்கள். பட்டன்கள் மிகக் குறைவு, நினைவகம் உள்ளேயே 230 ஜிபி, இருப்பதைச் சுருக்கியதில் நிஜமான சிந்தனை இருக்கிறது. ஆனால் வ்யூஃபைண்டர் இல்லை. ஃப்ளாஷ் மாட்ட மேலே இடமும் இல்லை. அந்தக் கைத்திறனை வணங்குகிறோம். எங்கள் வேலைக்கு அது உதவாது.

இப்படி ஒரு மயக்கம் கேமரா உலகத்துக்குப் புதிதில்லை. 1985-ல் மினோல்ட்டா 7000 வந்தபோது மின்னணு யுகம் பிறந்துவிட்டது என்று டயல்களை எடுத்துவிட்டு, கால்குலேட்டர் போலக் கூட்டவும் குறைக்கவும் பட்டன்கள் வைத்தார்கள். ஆட்டோ ஃபோகஸில் அது பெரிய பாய்ச்சல், அதை மறுக்க முடியாது. ஆனால் ஷட்டர் வேகத்தை மாற்றப் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷமே கேனன் டி90-ல் வழி கண்டது. எண்கள் பொறித்த பழைய டயல் அங்கே திரும்பி வரவில்லை. ஷட்டர் பட்டனுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலுக்கென்று ஒரு சின்னச் சக்கரம் வந்தது. உள்ளே முழுக்க மின்னணு, வெளியே விரலுக்கு ஒரு சொடுக்கு. 1987-ல் தொடங்கிய ஈஓஎஸ் வரிசை அதை எடுத்துக்கொண்டது. இன்று மிரர்லெஸ் கேமராக்களில் விரலுக்கு அடியில் சுழல்வதும் அந்த யோசனைதான். நாங்கள் பழைமைக்குக் கொடி பிடிக்கவில்லை என்பதற்கு டி90-ஐச் சாட்சியாக வைக்கிறோம். அது தன் காலத்தின் மிக நவீனமான கேமராக்களில் ஒன்று. கையை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

மற்றத் துறைகள் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கின்றன. 2017 ஆகஸ்ட் 21 அதிகாலை, சிங்கப்பூர் ஜலசந்தி அருகே யூஎஸ்எஸ் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பல் ஒன்றோடு மோதி, 10 மாலுமிகள் இறந்தார்கள். பயிற்சிக் குறைவு உட்படக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் இயக்கிய ஏற்பாடு. கட்டுப்பாடு எந்த மேசையில் இருக்கிறது என்பதே குழம்பிப்போனது. 2019-ல் அமெரிக்கக் கடற்படை வேகக் கட்டுப்பாட்டைப் பழையபடி கைப்பிடிக்கே மாற்றப் போவதாக அறிவித்தது. கார்களுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் கொடுக்கிற யூரோ என்கேப், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் திரையை விட்டுத் தனிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று 2026 முதல் எதிர்பார்க்கிறது. ஒரு படம் தவறுவதும் உயிர் போவதும் ஒன்றில்லை. ஆனால் அவசரத்தில் கை எப்படி வேலை செய்கிறது என்பது கப்பலிலும் காரிலும் கேமராவிலும் ஒன்றுதான்.

போனே கேமராவை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது கேமரா ஏன் போனை நோக்கி ஓட வேண்டும்? 2011-ல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 5-ல் ஒலி கூட்டும் பட்டனையே ஷட்டராகப் பயன்படுத்த வழி செய்தது. 2013-ல் நோக்கியா லூமியா 1020-ல் பாதி அமுக்கினால் ஃபோகஸ், முழுக்க அமுக்கினால் படம் என்று கேமராவின் பட்டனையே வைத்தது. 2024-ல் ஐபோன் 16-ன் விளிம்பில் கேமராவுக்கென்றே ஒரு தனிப் பட்டன் வந்தது. லேசாக அழுத்துவதும் முழுதாக அழுத்துவதும் அதில் வேறு வேறு. உலகத்தின் பெரிய தொடுதிரைக் கம்பெனியே, படம் எடுக்க விரலுக்கு ஒரு பட்டன் வேண்டும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறது.

மக்களும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். ஐபோன் வந்து மூன்று வருஷம் கழித்து, 2010-ல், ஃப்யூஜிஃபில்ம் எக்ஸ்100 என்ற கேமராவை அறிவித்தது. மேலே ஷட்டர் டயல், லென்ஸில் அப்பர்ச்சர் வளையம், மூலையில் வ்யூஃபைண்டர். அதன் ஆறாவது மாடல் 2024 பிப்ரவரியில் வந்தபோது மாதக்கணக்கில் ஸ்டாக் கிடைக்காமல் மக்கள் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் பலர் தொடுதிரையோடு வளர்ந்த இளைஞர்கள்.

இப்போது கோட்டின் மறுபக்கம். இங்கே எங்கள் கோபம் கேமராக் கம்பெனிகளின் அலட்சியத்தின்மேல். கேமராவின் மெனு என்பது வருஷா வருஷம் சரக்கைக் கொண்டுவந்து குவித்து, யாரும் ஒழுங்குபடுத்தாத கிட்டங்கி. கார்டை ஃபார்மட் செய்கிற இடம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மூலை. பேர்களெல்லாம் சுருக்கெழுத்து. போனில் செட்டிங்ஸைத் திறந்தால் தேடுவதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. வேண்டியதை டைப் அடித்தால் வந்துவிடும். லட்ச ரூபாய்க் கேமராவில் அது ஏன் இல்லை? கேமராவிலிருந்து போனுக்குப் படம் அனுப்பக் கம்பெனிகள் கொடுக்கிற ஆப்களோடு மல்லுக்கட்டாதவர் எங்களில் யாரும் இல்லை. இணைப்பு வரும், பாதியில் போகும், மறுபடி முதலிலிருந்து. மண்டபத்தை விட்டுக் கிளம்புவதற்குள் பெண்ணின் அப்பாவுக்கு நாலு படம் அனுப்ப முடியவில்லை என்றால், அங்கே நம்மைத் தோற்கடிப்பது அவருடைய தம்பியின் போன். தேதியும் நேரமும் தானாகச் சரியாக வேண்டும். எடுத்த இடம் படத்தோடு பதிய வேண்டும். வீட்டு வைஃபை கிடைத்ததும் படங்கள் தாமாகப் பத்திரமாக வேண்டும். இவையெல்லாம் போனில் என்றோ வந்துவிட்டன.

தமிழும் வேண்டும். எந்த விலைப் போனிலும் தமிழ் இருக்கிறது. நிக்கான் டி5300 போன்ற சில மாடல்களின் மெனுவில் தமிழ் இருந்ததால், செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. இங்கிலீஷ் மெனுவைப் படிக்கத் தெரியாமல் ஆட்டோவிலேயே வருஷக்கணக்கில் படம் எடுத்துக்கொண்டிருக்கிற திறமைசாலிகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு சார்ஜரே உதாரணம். கம்பெனிக்கு ஒரு சார்ஜர் என்று இருந்த நிலை மாறி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் டிஜிட்டல் கேமராக்களுக்கு யூஎஸ்பி சி சட்டப்படி கட்டாயம்.

போனிடமிருந்து கற்கக் கூடாதவை கோட்டின் இந்தப் பக்கத்திலும் இரண்டு உண்டு. ஒன்று, கடை விரிப்பது. சோனி 2012 முதல் தன் கேமராக்களுக்கு ஆப் கடை ஒன்று வைத்து, டைம்லாப்ஸ் போன்ற சாதாரண வசதியைக்கூடத் தனி விலைக்கு விற்றது. பின்னால் வந்த மாடல்களில் அந்த ஆப்கள் இயங்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு நஷ்டம். இன்று கட்டக்கோடுகளை நம் விருப்பப்படி போட்டுக்கொள்ளவும் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். முழு விலை கொடுத்து வாங்கிய கேமரா மாதச் சந்தாவில் ஓடக் கூடாது. அக்கவுண்ட் தொடங்கினால்தான் இயங்குவேன் என்று சொல்லக் கூடாது. இன்னொன்று, பார்க்காததை வரைவது. மங்கலாக்கிய நிலாப் படம் ஒன்றை ஒரு சாம்சங் போன் எடுத்தபோது, அதில் இல்லாத நுணுக்கங்களைச் சேர்த்துக் கொடுத்தது 2023-ல் பெரிய விவாதமானது. பத்திரிகைக்காரரின் கேமரா அப்படிச் செய்தால் அவர் தொழில் முடிந்தது. அதே வருஷம் லைக்கா எம்11-பி என்ற கேமரா, எந்தப் படம் எங்கிருந்து வந்தது, பிறகு என்ன மாறியது என்பதற்கான சான்றைப் படத்தோடேயே பதித்துக் கொடுத்தது. எங்களுக்கு வேண்டியது அந்த வழி.

தொடுதிரையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. டிரைபாடில் நிறுத்திய கேமராவில் திரையைத் தொட்டு ஃபோகஸ் வைப்பது நல்ல வசதி. கிம்பலில் வீடியோ எடுக்கிறவருக்கு அது அவசியம். சின்ன டயலைச் சுற்ற விரல் ஒத்துழைக்காதவர்களுக்குத் தொடுதிரைதான் படம் எடுக்கும் வழியாகவே இருக்கலாம். அந்த வழியை அடைக்க எங்களுக்கு உரிமையில்லை. புதிதாகக் கற்கிறவருக்குத் திரையில் ஒரு வரி விளக்கம் உதவும். திரை இருக்கட்டும். படம் எடுப்பதற்குத் திரை மட்டுமே வழி என்ற நிலையைத்தான் எதிர்க்கிறோம்.

ஆகவே அறிவிக்கிறோம். அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ, ஃபோகஸ் புள்ளி, இந்த நான்கையும் கண்ணை எடுக்காமல் விரலால் மாற்ற முடியாத எதையும் முழுமையான கேமரா என்று நாங்கள் ஏற்க மாட்டோம். மாணவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டோம், எங்கள் ஸ்டூடியோக்களுக்கு வாங்க மாட்டோம். இந்த இயக்கத்தில் சேரக் கட்டணம் இல்லை, படிவம் இல்லை. இந்தக் கொள்கையை ஏற்று நடப்பவர் எல்லோரும் உறுப்பினர்.

அடுத்த தடவை கேமரா வாங்கக் கடைக்குப் போகும்போது மெகாபிக்சலைப் பிறகு கேளுங்கள். முதலில் கேமராவைக் கையில் வாங்கிக் கண்ணில் வையுங்கள். தலையைத் தூக்காமல் அந்த நான்கையும் மாற்றிப் பாருங்கள். முடியவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வந்து, ஏன் வாங்கவில்லை என்று அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுங்கள். தமிழிலேயே போடுங்கள்.